காவலர் மனநலம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியாற்றுவோருக்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவல் நிலையங்களிலும் ஆயுதப்படையிலும் போக்குவரத்து, மதுவிலக்குப் பிரிவுகளிலும் பணியாற்றும் காவலர்களையும், அவர்களுடைய வீட்டாரையும், அவர்களுக்குப் பணி ஒதுக்கும் பொறுப்பில் உள்ள ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மனம் முற்றிலும் தளர்ந்த பிறகு எங்கே ஓடுவது என்பதும் இதில் உண்டு. ஆனால் அதற்கு வெகு முன்பே எதை, எந்த வரிசையில் செய்வது என்பதற்கே இதில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஏனெனில் காவலர் ஒருவரின் மனநலம் கெடுவதற்கு அவருடைய மன உறுதிக் குறைவைக் காட்டிலும் அவருடைய பணிப்பட்டியலே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் சரிசெய்யும் வேலையும் தூக்கத்திலிருந்தும் வேலை நேரத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

இந்த வட்டாரத்தின் காவல் பணிக்குத் தனித்த சுமைகள் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழக்கும் சரக்கு லாரிகள் முன்னே செல்லும் வாகனங்களில் மோதும் விபத்துகள் ஓய்ந்தபாடில்லை. ஒகேனக்கல்லில் ஆற்றில் மூழ்கியவரைப் பரிசல்காரர்கள் தேடும்போது, கரையில் கதறும் குடும்பத்தாருடன் மணிக்கணக்கில் நிற்பவரும் காவலரே. காவிரிப் பிரச்சினை கொதித்த 2016 செப்டம்பரில் ஓசூரை அடுத்த ஜூஜூவாடி எல்லையில் பேருந்துகள் நிறுத்தப்பட்டபோது இரவு பகலாகக் காவல் காக்க வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரி 2 அன்று சூளகிரி அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கான அனுமதி தொடர்பாக நடந்த மறியலில் கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலை முடங்கிப் பேருந்துகள்மீது கல் வீசப்பட்டபோதும் முன்வரிசையில் நின்றவர்கள் காவலர்களே. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் யானைக் கூட்டம் ஊருக்குள் இறங்கினால் வனத்துறையினரோடு சேர்ந்து கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பணியும், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கச் சென்று ஊராரின் சாபத்தை வாங்கி வரும் பணியும் இதே ஆட்களுக்குத்தான்.

முதல் படி: சுமை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

"மனசு சரியில்லை" என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாது. காவலரின் சுமை பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: பார்க்க நேர்ந்த காட்சிகள், வேலை நேரம், மேலிடத்துக்கும் தனக்கும் உள்ள உறவு. ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதி, கடந்த ஒரு மாதத்தில் உங்களை அதிகம் அழுத்தியது எது என்று ஒவ்வொன்றின் கீழும் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கிச் சூடு, கலவரம் போன்ற பெரிய நிகழ்வுகளே மனத்தைப் பாதிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிலையத்தில் இருப்பவருக்கோ சந்தேக மரணங்களின் பிரேத விசாரணைதான் வாரந்தோறும் வருவது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவிலும் வரும் அந்த விசாரணையில், சடலத்தின் அருகே அமர்ந்து, உடுத்தியிருந்த ஆடையின் நிறம், காயங்களின் இடம், அணிந்திருந்த கயிறு, சட்டைப் பையில் இருந்த சில்லறை வரை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். சாதாரண மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் காவலர் உற்றுப் பார்க்கக் கடமைப்பட்டவர். இறந்தது பள்ளிச் சீருடையில் இருக்கும் ஒரு பிள்ளையாக இருந்து, அதே வயதில் தன் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பட்டியல் எழுதி முடித்த பிறகும் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பிணவறை வாசலிலிருந்து நேராக அடுத்த பந்தோபஸ்துக்குப் போய்விடுவதால் அது அடங்க நேரமும் கிடைப்பதில்லை. இப்படிச் சேர்ந்துகொண்டே போவதுதான் ஆபத்து; எந்த ஒரு நிகழ்வையும் காரணமாகச் சுட்டிக்காட்ட முடியாததால், தனக்கு ஏதோ கோளாறு என்று காவலர் தன்னையே குற்றம் சொல்லத் தொடங்குகிறார்.

வேலை நேரத்தைப் பற்றிய சான்று பழையதே. காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு, நாட்டின் காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகப் பதிவு செய்தது. மூன்றாவதான மேலிட உறவு என்பது, ஆஜர் அணிவகுப்பில் பத்துப் பேர் முன்னிலையில் ஒருமையில் திட்டு வாங்குவது, காரணம் சொல்லாமல் இடமாற்றம், மெமோ, அதற்குப் பிறகு காவல்துறை ஒழுங்கு விதியின்படி வரும் 3(பி) குற்றச்சாட்டு ஆகியவை. தாளில் எந்தத் தலைப்பின் கீழ் அதிகம் எழுதினீர்களோ, அதற்கான படியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தூக்கத்தைப் பற்றிய படியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: இரண்டு வாரக் கணக்கு வையுங்கள்

சோகமும் எரிச்சலும் எல்லோருக்கும் வந்து போகின்றன. நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு நீடித்தால் அது மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியது. இதை அளக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்னும் வினாப் பட்டியல் உள்ளது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூச்சியத்துக்கு மேல் எது வந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே ஒருவரிடம் பேச வேண்டும்.

காவலர்களிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவது குறைவு. வீட்டில் பேச்சு நின்றுவிடுவது, பிள்ளையின் சத்தத்துக்குக் கை ஓங்குவது, காரணம் தெரியாத முதுகுவலியும் வயிற்றெரிச்சலும், வண்டியை வேண்டுமென்றே வேகமாக ஓட்டுவது, முன்பு கவனமாக எழுதிய வழக்கு நாட்குறிப்பை வாரக்கணக்கில் எழுதாமல் விடுவது ஆகியவையே அடையாளங்கள். விசாரணைக்கு வந்தவர்மீது கட்டுக்கடங்காமல் கை நீள்வதும் இந்த வரிசையில் ஒன்று. அது சட்டப்படி குற்றம், மனச்சுமை அதற்கு விலக்கு ஆகாது. ஆயினும் தன் கை தன் சொல்லைக் கேட்கவில்லை என்று உணரும் காவலர், அடுத்த ஆளின் உடம்புக்கும் தன் வேலைக்கும் கேடு வருவதற்கு முன் உதவி தேடிக்கொள்ள வேண்டும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

மூன்றாம் படி: தூக்கத்தை மீட்டெடுங்கள்

மருந்துக்கும் ஆலோசனைக்கும் முன்னால் தூக்கத்தை வைக்கிறேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருடைய நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். அதாவது காலை 6 மணிக்கு எழுந்து பகல் வேலையையும் முடித்து, இரவு 11 மணிக்கு, மூச்சில் மதுவை அளக்கும் கருவியோடு வாகனச் சோதனைக்கு நிற்கும் காவலர், தான் பிடிக்கும் ஆளைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும்.

இரவு ரோந்து முடிந்து காலையில் வீடு திரும்புபவர் செய்ய வேண்டியவை இவை. வரும் வழியில் வெயில் கண்ணில் படாதபடி கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். காலை ஒளி மூளையை எழுப்பிவிடும். கடைசித் தேநீரையோ காப்பியையோ படுக்கும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் குடித்த காஃபீனில் பாதி 5 மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். இட்லி இரண்டு போன்ற இலேசான உணவோடு உடனே படுத்துவிடுங்கள். "கொஞ்ச நேரம் செல்போன் பார்த்துவிட்டு" என்று தொடங்குவது பத்து மணிக்குத்தான் முடியும். படுக்கும் அறையின் சன்னலுக்குத் தடித்த போர்வையைக் கட்டினாலும் போதும். காவலர் குடியிருப்பின் சிறிய வீட்டில், பகலில் அப்பா தூங்குவதற்காகப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருப்பது கடினம்தான். விடுமுறை நாட்களில் பக்கத்து வீட்டாரோடு முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

தொடர்ந்து 6 மணி நேரம் கிடைக்காவிட்டால் இரண்டாகப் பிரித்து, காலையில் 4 மணி நேரம், மாலைப் பணிக்கு முன் ஒன்றரை மணி நேரம் என்று தூங்குங்கள். பந்தோபஸ்து இடத்தில் ஓய்வு கிடைத்தால் 20 நிமிடம் கண் அயருவது பயன் தரும். அதற்கு மேல் போனால் எழுந்த பிறகு மந்தம் நீடிக்கும். பாரா என்னும் காவல் நிற்கும் பணி முடிந்து வாகனம் ஓட்டி வீடு திரும்புவதற்கு முன்பும் அந்த 20 நிமிடம் கட்டாயம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டாம்; பழக்கமாகிவிடும், நிறுத்தும்போது தூக்கம் முன்பைவிடக் கெடும்.

நான்காம் படி: மதுவைப் பற்றி நேராகப் பேசுங்கள்

பணி முடிந்ததும் "உடம்பு வலிக்கு" என்று தொடங்குவது, தூக்கத்துக்கு என்று மாறி, பிறகு கை நடுக்கத்துக்கு என்று ஆகிவிடும். மது உறக்கத்தை விரைவில் வரவழைத்தாலும், இரவின் பிற்பகுதியில் அதைக் கலைத்துவிடும் என்பதால் சோர்வு தீராது. நான்கு கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: குறைக்க வேண்டும் என்று எண்ணியதுண்டா, பிறர் சொன்னால் கோபம் வருகிறதா, குற்ற உணர்வு வந்ததுண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாள்தோறும் நிறையக் குடித்துவந்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் குழப்பம், நடுக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்றவையும் வரக்கூடும். சபரிமலைக்கு மாலை போட்ட கையோடு நிறுத்தி, மூன்றாம் நாள் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுபவர்கள் உண்டு. நிறுத்தும் முடிவு மிக நல்லது. அரசு மருத்துவமனையில் காட்டி, மருந்தின் துணையோடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: மோசமான நிகழ்வு ஒன்றுக்குப் பிறகு

தொப்பூர் போன்ற இடத்தில் பெரிய விபத்தைக் கையாண்ட பிறகோ, கூட்டத்தின் தாக்குதலுக்கு ஆளான பிறகோ, முதல் சில நாட்கள் கனவும் திடுக்கிடலும் பசியின்மையும் வருவது இயல்பு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். அந்த நாட்களில் குளித்து, உண்டு, வீட்டாரோடு இருங்கள். நடந்ததைச் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், தோன்றாவிட்டால் யாரும் வற்புறுத்தக் கூடாது. சம்பவத்தில் இருந்த அனைவரையும் உட்காரவைத்து ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்லும் ஒருமுறைக் கூட்டம் பயன் தருவதில்லை என்றும், சிலருக்குத் தீங்காகலாம் என்றும் ஆய்வுகள் காட்டியதால், உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. நல்லெண்ணத்தோடு அப்படிக் கூட்டம் ஏற்பாடு செய்யும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். விபத்துப் படங்களை நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவதையும் நிறுத்த வேண்டும். விசாரணைக்குத் தேவையானவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தாலோ, அந்தச் சாலையைத் தவிர்க்கச் சுற்றுவழியில் போகத் தொடங்கினாலோ, சிறு சத்தத்துக்கும் உடல் தூக்கிப்போட்டாலோ, அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயாக இருக்கலாம். அதற்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் தரும் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது; காலம் ஆற்றும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள், ஒருவரைக் கேளுங்கள்

முதலில் சொல்வதற்கு ஏற்றவர் உயரதிகாரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே பயிற்சி அணியில் இருந்த நண்பர், மூத்த ஏட்டு, மனைவி, கணவர், அண்ணன் யாராகவும் இருக்கலாம். கேட்பவருக்குத்தான் இங்கே அதிக வேலை. "என்னப்பா, ஆள் டல்லா இருக்க, குடிச்சிருக்கியா?" என்று பலர் முன்னால் கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார். இரவு ரோந்தில் இருவர் மட்டும் வண்டியில் இருக்கும் நேரம் இதற்கு நல்லது.

"தம்பி, பத்து நாளா நீ சரியாச் சாப்பிடறதில்ல. ரைட்டர் கூப்பிட்டாக்கூட எங்கேயோ பாக்கற. வீட்ல ஏதாவதா, இல்ல இங்கயா?"

"ஒண்ணுமில்ல ஏட்டய்யா. தூக்கம் வரமாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"அந்தப் பாப்பா கேஸ்ல இருந்து."

இந்த இடத்தில் ஏட்டு அறிவுரை சொல்லத் தொடங்கினால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். "இதெல்லாம் போலீஸ்ல சகஜம்ப்பா" என்பது ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும் கதவை அடைக்கும் சொல். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு நானும் வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்பதே போதும். கூட ஒருவர் வருகிறார் என்பதற்காகவே மருத்துவமனை வரை செல்பவர்கள் அநேகர்.

2018-இல் தமிழ்நாடு காவல்துறை பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுடன் இணைந்து காவலர்களுக்கும் குடும்பத்தினருக்குமாகத் தொடங்கிய நிறைவாழ்வுப் பயிற்சித் திட்டமும் இதே திசையிலானது. பயிற்சிக்கு அழைப்பு வந்தால், அதையும் ஒரு பந்தோபஸ்தாக நினைத்து ஒப்புக்குப் போய்வராமல், முடிந்தால் துணைவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஏழாம் படி: மருத்துவரிடம் செல்லுங்கள்

எங்கே செல்வது? 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. நாள் முழுவதும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சேவையிலும் ஆலோசனை கிடைக்கும். நேரில் செல்ல, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுக்கான புறநோயாளிச் சீட்டு வாங்கலாம். தெரிந்த முகங்கள் இருக்கும் என்று கூச்சப்படுபவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். ஓசூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிம்ஹான்ஸ் மிக அருகில். பெங்களூரில் அது இருப்பதே ஓசூர் சாலையில்தான். அங்கே தமிழ் பேசுபவர்கள் நிறைய வருவதால் மொழி குறித்துத் தயங்க வேண்டாம். சீருடையில் செல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், குடிப்பழக்கம், எடுத்துக்கொள்ளும் வேறு மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், முதல் சந்திப்பின் குறுகிய நேரத்தில் எதுவும் விடுபடாது.

மருந்து எழுதப்பட்டால், இரவுப் பணி, வாகனம் ஓட்டுதல், ஆயுதம் ஏந்துதல் மூன்றையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கம் தராத மருந்தையோ வேளையையோ அவர் தேர்ந்தெடுக்க முடியும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் வந்து தணியலாம். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும். நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்துவதுதான் நோய் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம்.

"சர்வீஸ் புக்கில் ஏறிவிடும்" என்ற பயமே காவலர்களைத் தடுக்கிறது. இதற்கு நேர்மையான பதில் இது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆவது பிரிவு நோயாளியின் தகவல் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. நீதிமன்ற உத்தரவு, பிறருக்கு ஆபத்தைத் தடுப்பது போன்ற வரையறுத்த விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. விடுப்பு எடுக்காமல் புறநோயாளியாகச் சிகிச்சை பெறும்போது மருத்துவமனை உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவதில்லை. மருத்துவ விடுப்பு எடுக்கும்போது சான்றிதழ் அலுவலகத்துக்குப் போகும், நீண்ட விடுப்பானால் மருத்துவக் குழுவின் முன் அனுப்பப்படவும் கூடும். அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். தாமதிக்காமல் வருபவருக்குப் பெரும்பாலும் நீண்ட விடுப்பே தேவைப்படுவதில்லை. பயத்தால் தள்ளிப்போட்டு, பணிக்கு வராமல் இருந்து, அதற்காகக் குற்றச்சாட்டு வாங்கிய பிறகு நோயைச் சொல்வதுதான் பதிவேட்டை உண்மையில் கெடுக்கிறது.

எட்டாம் படி: உயிருக்கு ஆபத்தான நேரம்

வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு, கடன்களையும் ஆவணங்களையும் திடீரென்று ஒழுங்குபடுத்துவது, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்கும் தொனியில் பேசுவது, நெடுநாள் கலக்கத்துக்குப் பின் சட்டென்று அமைதியாகிவிடுவது ஆகியவற்றைக் கண்டால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு ஆசுவாசம். ஆம் என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். பணித் துப்பாக்கி அவரிடம் இருந்தால் அன்றே ஆயுத அறையில் திரும்ப ஒப்படைக்கச் செய்து, ஆயுதம் இல்லாத பணிக்கு மாற்றுங்கள். இதைத் தண்டனையாகக் காட்டாமல், பத்து நாள் காய்ச்சலில் இருப்பவருக்கு ஓட்டம் விலக்கப்படுவது போன்ற வழக்கமான மாற்றமாகச் செய்ய வேண்டும். வீட்டில் உள்ள பூச்சிமருந்து, சேர்ந்து கிடக்கும் மாத்திரைகள் ஆகியவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். உடனடி ஆபத்தென்றால் 108-ஐ அழையுங்கள், அல்லது நேரே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணிலும் பேசலாம்.

முயன்று பிழைத்தவர்மீது வழக்கு வரும் என்ற அச்சம் காவல்துறைக்குள்ளேயே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றும், அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்றும் கூறுகிறது. உயர்ந்த பதவி மனச்சோர்விலிருந்து எவரையும் காப்பதில்லை. 2023 ஜூலையில் கோயம்புத்தூர் சரகத்தின் டிஐஜி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்தார் என்பது தெரியவந்தது. எனவே ஆய்வாளர்களும் துணைக் கண்காணிப்பாளர்களும் இந்தப் படிகளைத் தமக்கும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வீட்டார் செய்யக்கூடியவை

சீருடையைக் கழற்றி, குளித்து, ஒரு வாய் தேநீர் குடிக்கும் வரை வீட்டுப் பிரச்சினைகளைப் பேசாமல் இருப்பது சிறிய உதவி போலத் தோன்றினாலும் சண்டைகளைக் கணிசமாகக் குறைக்கும். "இன்னிக்கு என்ன ஆச்சு" என்று வற்புறுத்துவதைவிட "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா" என்று தொடங்குவது நல்லது. அதே நேரம், அடி உதையைப் பணிச்சுமை என்று மனைவி பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 181 என்ற மகளிர் உதவி எண் காவலர் வீட்டுப் பெண்களுக்கும் உரியதே.

பெண் காவலர்களின் சுமை தனியானது. நாள் முழுதும் சாலையோரம் நிற்கும் பந்தோபஸ்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாவோர் இருக்கிறார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ வழக்கின் பிள்ளையிடம் கேட்டு எழுதிவிட்டு, வீட்டில் தன் மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க அமர்வோரின் மனநிலையை வீட்டார் எளிதில் புரிந்துகொள்வதில்லை. குழந்தை பெற்ற முதல் ஆண்டில் தொடர் சோர்வும் அழுகையும் இருந்தால், அதைச் சோம்பல் என்று எண்ணாமல் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும்.

பத்தாம் படி: நிலையப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு

இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு தரும் அரசாணை 2021 நவம்பரில் வந்தது. ஆள் குறைவு, திருவிழா, தலைவர்கள் வருகை என்று அது தள்ளிப்போவதற்குக் காரணங்கள் எப்போதும் இருக்கும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் ஆள் தேவைப்படும் வாரத்தில் யாருக்கும் ஓய்வு தர இயலாது என்பதும் உண்மைதான். ஆயினும் ஓய்வு நாளை ஒரு மாதம் முன்பே எழுதிச் சுவரில் ஒட்டுவதும், பறிபோன ஓய்வை அடுத்த பத்து நாளுக்குள் ஈடுசெய்வதும் ஆய்வாளரின் கையில் இருக்கின்றன. எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஓய்வைவிட, குறைவாகக் கிடைத்தாலும் தேதி தெரிந்த ஓய்வு மனத்துக்கு அதிகப் பலம் தரும்.

பிரேத விசாரணைப் பணியை ஒரே ஆளின் தலையில் கட்டாமல் சுழற்றுங்கள். "அவன் நல்லா எழுதுவான்" என்று ஒருவரையே அனுப்புவது திறமைக்குக் கொடுக்கும் தண்டனை. இரவுப் பணியைத் தொடர்ச்சியாக மூன்று நாளுக்கு மேல் போடாமல் இருக்க முயலுங்கள். தவறைக் கண்டிக்க வேண்டுமானால் அறைக்குள் அழைத்துக் கண்டியுங்கள். பாராட்ட வேண்டுமானால் ஆஜர் அணிவகுப்பில் பாராட்டுங்கள். 3(பி) குற்றச்சாட்டு வழங்கப்பட்டவரை அந்த வாரத்தில் ஒருமுறை நேரில் பார்த்துப் பேசுவதும், பதில் எழுத உதவ ஒரு மூத்தவரைச் சொல்லிவிடுவதும் விசாரணையின் நேர்மையைக் குலைக்காது.

சிகிச்சை முடிந்து திரும்பும் காவலரின் முதல் மாதத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள். மருத்துவரின் பரிந்துரைப்படி இரவுப் பணியும் ஆயுதப் பணியும் எந்தத் தேதியில் மீண்டும் தொடங்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதுவரை வரவேற்புப் பகுதி, அழைப்பாணை சேர்ப்பு, கணினிப் பதிவு போன்ற பகல் வேலைகளைத் தாருங்கள். மறுபரிசோதனை நாளை அவருடைய ஓய்வு நாளோடு பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் அந்த அரை நாளுக்கு அனுமதி தாருங்கள். அவருடைய சான்றிதழை ரைட்டரின் மேசையில் திறந்து வைக்காமல் உறையிலிட்டு உங்கள் அலமாரியில் பூட்டி வையுங்கள். அவர் எங்கே போயிருந்தார் என்று யாரேனும் கேட்டால், உடல்நிலை சரியில்லை, இப்போது தேறிவிட்டார் என்ற ஒரே பதிலை நிலையத்தில் எல்லோரும் சொல்லும்படி முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.